லெட்டூஸில் இ-கோலி: மருந்தைத் தேடாதீர்கள், எருவைப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரி அருகே ஒன்றரை ஏக்கரில் ஐஸ்பெர்க் லெட்டூஸும் செலரியும் போட்டிருக்கிறேன். ஓட்டல்களுக்கு எடுக்கும் வியாபாரி இலையைச் சோதனைக்கு அனுப்பினார். இ-கோலி பாக்டீரியா இருக்கிறது, அதுவும் பல ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கட்டுப்படாத வகை என்று அறிக்கை வந்ததால் சரக்கை எடுக்க மறுத்துவிட்டார். நான் ஆன்டிபயாட்டிக் எதையும் தெளித்ததே இல்லை. கோழி எருவும் ஓடைத் தண்ணீரும்தான். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு ஸ்ட்ரெப்டோசைக்ளின் அடிக்கச் சொல்கிறார் மருந்துக் கடைக்காரர். என்ன அளவில் அடிப்பது? கழுவும் தண்ணீரில் குளோரின் எவ்வளவு கலப்பது?

பதில்: ஸ்ட்ரெப்டோசைக்ளின் எந்த அளவிலும் வேண்டாம். அது காசநோய்க்குக் கொடுக்கும் ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் சேர்ந்த கலவை. உங்கள் இலையில் இருப்பது பயிர் நோய் அல்ல; மாட்டின், கோழியின், மனிதனின் குடலிலிருந்து வந்தது. பல மருந்துகளுக்கு அது அடங்காது என்று அறிக்கையே சொல்லிவிட்டது. மேலும் மருந்தடித்தால் இலையில் உள்ள சாதுவான பாக்டீரியாக்கள் சாகும், அடங்காதது தங்கும். விவசாயத்தில் இந்த இரு மருந்துகளையும் நிறுத்த மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே வரைவு ஆணை வெளியிட்டது. பச்சையாகத் தின்னும் இலைக்கு, அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு இதைப் பரிந்துரைப்பவருக்குத் தான் விற்பது என்னவென்று தெரியவில்லை. தெரிந்தே சொன்னால் அது அதைவிட மோசம். அவரிடம் இனிப் பயிர் ஆலோசனை கேட்காதீர்கள்.

குளோரின் கணக்கு எளிது. 100 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 10 சதவீத ஹைப்போகுளோரைட் (குளோரின் கரைசல்) 100 மில்லி. ஏறத்தாழ 100 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு 100 பங்கு குளோரின் வரும். மண்ணும் இலைச்சாறும் சேரச் சேர வீரியம் இறங்கும், ஆகவே தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். பிறகு குடிநீரில் அலச வேண்டும். இவ்வளவு செய்தாலும் பாக்டீரியாவில் 90 முதல் 99 சதவீதம்தான் போகும். இலைத்துளைகளிலும் வெட்டுக்காயத்திலும் புகுந்துகொண்டதைக் குளோரின் எட்டாது. பீன்ஸ் என்றால் மிச்சம் அடுப்பில் சாகும், லெட்டூஸுக்கு அடுப்பே இல்லை.

நீங்கள் கேட்காமல் விட்டது கோழி எருவைப் பற்றி. ஆன்டிபயாட்டிக் தெளிக்காத வயலுக்கு இந்தக் குணம் வந்ததென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். நோய் வராமலிருக்கவும் எடை கூடவும் கோழித் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டினைக்கூட 2019 ஜூலையில்தான் கால்நடைக்குத் தடை செய்தார்கள். அந்தக் கோழியின் குடலில் தேறி நின்ற பாக்டீரியாதான் மூட்டையில் மலையேறி வருகிறது. எதிர்ப்புத் தரும் மரபணுவை அது மண்ணில் உள்ள வேறு பாக்டீரியாவுக்கும் கைமாற்றும்.

"ஆறு மாதம் குவித்து வைத்தேன், மட்கிவிட்டது" என்று பலரும் சொல்கிறார்கள். தார்ப்பாய் போட்டுக் கிடந்த குவியல் மட்கு எரு ஆகாது. நான்கடிக்குக் குறையாத உயரமும் அகலமும் வேண்டும். கோழி எருவில் தழைச்சத்து அதிகம், அதனால் காய்ந்த சருகோ வைக்கோலோ தாராளமாகச் சேர்க்க வேண்டும். கையில் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வரும் ஈரம் போதும். உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் 15 நாள் நிற்க வேண்டும். அதற்குள் ஐந்து முறையாவது புரட்டி, வெளிப்புறத்தை உள்ளே தள்ள வேண்டும். உங்கள் குளிருக்குச் சின்னக் குவியல் சூடே ஏறாது. நீளக் கம்பி வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அது காட்டாத சூட்டை நம்பாதீர்கள். இப்படி மட்கினாலும் மருந்து மிச்சம் முழுதாக அழியும் என்ற உறுதி இல்லை. எனவே தீவனத்தில் என்ன கலக்கிறார்கள் என்று பண்ணையில் கேளுங்கள், பதில் சொல்லத் தயங்கும் பண்ணையின் எருவை இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

குவியலைச் சரிவின் மேல்பக்கம் வைப்பதும் மலையில் வழக்கமாக இருக்கிறது. ஒரு மழை பெய்தால் எருச்சாறு பாத்தி பாத்தியாக இறங்கிவிடும். கீழ்ப்பக்கம் மாற்றுங்கள். பச்சை எருவை அள்ளிய மண்வெட்டியைக் கழுவாமல் மட்கிய எருவில் போடாதீர்கள்.

ஓடையையும் விட்டுவிட முடியாது. 2018இல் அமெரிக்காவின் யூமா பகுதி ரோமைன் லெட்டூஸால் 210 பேர் நோயுற்றார்கள், ஐவர் இறந்தார்கள். பெரிய மாட்டுப்பண்ணையை ஒட்டி ஓடிய பாசனக் கால்வாயில் அதே இ-கோலி கிடைத்தது. உங்கள் ஓடைக்கு மேலே குடியிருப்போ கழிவுநீர்க் குழாயோ இருக்கிறதா என்று ஏறிப் போய்ப் பாருங்கள். அந்தத் தண்ணீரை ஸ்பிரிங்க்ளரில் இலைமேல் தூவாதீர்கள், சொட்டுநீரில் வேருக்குக் கொடுங்கள்.

இப்போது நிற்கும் லெட்டூஸை மடக்கி உழுதுவிடுங்கள். நட்டம்தான், ஆனாலும் வேறு வியாபாரியிடம் தள்ளிவிடாதீர்கள். செலரியை சூப்புக்கு வேகவைப்பவர்களுக்கு, உள்ளதைச் சொல்லி மட்டும் கொடுக்கலாம். அடுத்த போகம் பீன்ஸோ காலிபிளவரோ போடுங்கள். மட்காத எரு இட்ட நிலத்தில், மண்ணைத் தொட்டு வளரும் பயிரை அறுக்க 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண்மை விதி. அதற்குள் ஓடைத் தண்ணீரையும் எருவையும் சோதனைக்கு அனுப்பி, இரண்டு அறிக்கையும் கைக்கு வந்த பிறகு லெட்டூஸ் நாற்று விடுங்கள்.