பத்தியச் சாப்பாடும் பள்ளிக்கூடப் பையும்: கேள்வி-பதில்

இந்த முறை பால் பற்றிய கடிதங்களே அதிகம். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பிள்ளையின் வயது, எடை, டாக்டர் சொன்ன நோயின் பெயர் எதையும் எழுதாமல் "என்ன கட்டிக் கொடுக்கலாம்?" என்று மட்டும் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வழியில்லை. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: மகளுக்குச் சீலியாக் (கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் புண்ணாக்கும் நோய்). சாதம்தான் கட்டித் தருகிறோம். ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் குளூட்டன் காரணமாக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி அளவு இறங்கவே இல்லை.

நோய் தெரிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்றால் பொறுங்கள், அது மெதுவாகத்தான் இறங்கும். அதற்கு மேல் ஆகிவிட்டது என்றால் அரிசியைச் சந்தேகிக்காமல், அதோடு சேர்கிறவற்றைப் பாருங்கள். சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே வருகிறது. 'மால்ட்' என்று இருந்தால் அது பார்லி. 'குளூட்டன் இல்லாதது' என்ற முத்திரை இல்லாத ஓட்ஸில் கோதுமை கலந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாவை வெளியே அரைக்கக் கொடுத்தால், அதே மெஷினில் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள்?

ஒரு ரொட்டித் துண்டில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. நாளுக்கு 50 மில்லிகிராம் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் புண்ணாகும். அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு. பொது டோஸ்டர், மாவுச் சல்லடை, மரக்கரண்டி, எல்லோரும் கத்தி விடும் வெண்ணெய் டப்பா ஆகியவற்றில் குளூட்டன் ஒட்டியிருக்கலாம். இவை நான்கையும் மகளுக்கென்று தனியாக வையுங்கள். ஒரே அடுப்பில் சமைப்பதில் தவறில்லை, ஆனால் அவளுடையதை முதலில் சமைத்து மூடி வைத்துவிடுங்கள்.

கேள்வி: கடலை அலர்ஜி என்பதால் சூரியகாந்தி விதையை அரைத்து பிஸ்கட் செய்தேன். மறுநாள் உடைத்தால் உள்ளே பச்சைப்பசேல் என்று இருக்கிறது. பூசணமா?

இல்லை. அந்த விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் சமையல் சோடாவோடு சேர்ந்தால் பச்சையாகும். தின்னலாம். சோடாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள்.

கேள்வி: மகனுக்குப் பால் அலர்ஜி. லாக்டோஸ் நீக்கிய பாலும் சீஸும் கடையில் கிடைக்கிறதே, அதைக் கட்டித் தரலாமா? (இதே கேள்வி இன்னும் ஆறேழு பேரிடமிருந்து.)

கூடவே கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி திரும்பி வருகிறது. தப்பாகப் புரிந்துகொண்டால் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரும் என்பதால் நிதானமாகப் படியுங்கள்.

லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அதைச் செரிக்கும் லாக்டேஸ் என்சைம் குடலில் போதாதவர்களுக்கு வயிறு உப்பும், வலிக்கும், பேதியாகும். அவஸ்தைதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. லாக்டோஸ் நீக்கிய பாலில் அந்த என்சைமை முன்கூட்டியே விட்டுச் சர்க்கரையை உடைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பாலின் புரதம் அப்படியே முழுசாக இருக்கிறது. உங்கள் மகனின் உடம்பு எதிர்ப்பது அந்தப் புரதத்தை, அதாவது கேசீனையும் வே புரதத்தையும். தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு என்று நிமிஷக் கணக்கில் முற்றலாம்.

ஆட்டுப்பால்? பசும்பால் அலர்ஜி உள்ள பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு அதுவும் ஆகாது. நெய்? உருக்கி வடித்தாலும் புரதத்தின் மிச்சம் இருக்கும், வேண்டாம். கேக்கில் வெந்த பால் பல பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்வது உண்மைதான். ஆனால் அதை டாக்டர் கண்முன்னே சோதிக்க வேண்டும். டிபன் பாக்ஸில் வைத்துச் சோதிக்கக் கூடாது.

லேபிளில் 'பால்' என்ற சொல்லை மட்டும் தேடாதீர்கள். கேசீன், கேசினேட், வே, மோர்ப் பொடி, பால் திடப்பொருள் எல்லாம் பால்தான். 'நான்-டெய்ரி' என்று போட்ட கிரீமர் பொடியிலேயே சோடியம் கேசினேட் இருப்பது சகஜம். டார்க் சாக்லேட்டிலும் பால் கலந்திருக்கும். போன மாசம் வாங்கிய அதே பாக்கெட்தானே என்று விட்டுவிடாதீர்கள், சேர்மானம் சொல்லாமல் மாறும். ஒவ்வொரு தடவையும் படியுங்கள். "இருக்கக்கூடும்" என்ற எச்சரிக்கை பல நாடுகளில் கட்டாயமே இல்லை. அது அச்சாகவில்லை என்பதை வைத்துப் பாதுகாப்பானது என்று முடிவு கட்டாதீர்கள்.

பள்ளிக்கு எழுதும் கடிதத்தில் "பால் ஒத்துக்காது" என்று எழுதவே எழுதாதீர்கள். படிக்கிற ஆசிரியர் வயிற்றுவலி என்றுதான் நினைப்பார், பிறந்தநாள் கேக்கில் ஒரு வாய் கொடுத்துவிடுவார். "பால் அலர்ஜி, ஒரு துளியும் கூடாது, மூச்சிரைத்தால் முதலில் அட்ரினலின் ஊசி, உடனே ஆம்புலன்ஸ்" என்று எழுதுங்கள். ஊசி தொடையின் வெளிப்புறம். அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை மூச்சுத்திணறலை நிறுத்தாது. ஊசி பிள்ளை இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். பூட்டிய அலமாரியிலோ ஃபிரிட்ஜிலோ இருந்தால் பிரயோஜனமில்லை.

பாலுக்குப் பதிலாகக் கால்சியம் சேர்த்த சோயா பானம் பரவாயில்லை, ஆனால் ஊற்றும் முன் நன்றாகக் குலுக்குங்கள், கால்சியம் அடியில் தங்கிவிடும். அரிசி, பாதாம் பானங்களில் புரதம் 100 மில்லிக்கு அரை கிராம் அளவுதான், பாலில் 3 கிராமுக்கு மேல். அதை மட்டும் நம்பினால் பிள்ளை வளராது.

இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கிறது. லாக்டோஸ் மட்டும் சேராத பிள்ளைக்குப் பால்பொருள் முழுவதையும் நிறுத்திவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு முற்றிய கெட்டிச் சீஸ் தாராளமாகக் கட்டலாம், அதில் லாக்டோஸ் அநேகமாக இல்லை.

கேள்வி: பொது உணவில் தூவிய நிலக்கடலையை எடுத்துப் போட்டுவிட்டுக் கொடுத்தால் போதாதா?

போதாது. எண்ணெயும் தூளும் ஒட்டியிருக்கும். வறுத்தாலும் அலர்ஜி போகாது. கை கழுவச் சோப்பும் தண்ணீரும் வேண்டும், சானிடைசர் ஜெல் கிருமியைக் கொல்லும், கடலைப் புரதத்தை அகற்றாது.

கேள்வி: டைப் 1 நீரிழிவு, எட்டு வயது. "ஒரு கப் சாதம்" என்று கணக்கெழுதி அனுப்புகிறேன். மதியத்துக்குப் பிறகு சர்க்கரை சில நாள் எகிறுகிறது, சில நாள் விழுகிறது.

எந்தக் கப்? அமுக்கி வைத்ததா, தளர்வாகவா? மாவுச்சத்துக் கணக்கை வைத்துத்தான் இன்சுலின் போடுகிறார்கள், அதனால் தராசில் நிறுத்து வையுங்கள். வெந்த வெள்ளைச் சாதம் 100 கிராமுக்கு மாவுச்சத்து 28 கிராம், 30 என்று போட்டுக்கொள்ளலாம். நடுத்தர ஆப்பிள் 25, ஒரு டம்ளர் பால் 12. பெட்டியில் உள்ள ஒவ்வொன்றின் மாவுச்சத்தையும் கிராமில் சின்னச் சீட்டில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள்: "சாதம் 45, பழம் 25, மொத்தம் 70". மீதி வைத்துத் திரும்பி வந்தால் அதையும் நிறுத்துப் பாருங்கள். முழுக் கணக்குக்கு இன்சுலின் போட்டுவிட்டுப் பாதிச் சாப்பாட்டை வைத்துவிட்டால் சர்க்கரை விழத்தான் செய்யும். விழுகிற நாளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் (mg/dL) கீழே போனால் குளுக்கோஸ் 15 கிராம், 15 நிமிஷம் கழித்து மறுபடி பரிசோதனை. இதற்குச் சாக்லேட் வைக்காதீர்கள், கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் டிபன் பாக்ஸில் இருக்க வேண்டாம். பாக்ஸ் ஒரு மூலையில் கிடக்கும், பிள்ளை மைதானத்தில் இருக்கும். சட்டைப் பையில் வையுங்கள்.

கேள்வி: சிறுநீரகப் பிரச்சினை உள்ள பிள்ளைக்கு 'லோ சோடியம்' உப்பு போட்டுச் சமைக்கலாமா?

வேண்டாம். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

கேள்வி: வலிப்புக்காக 4:1 கீட்டோ உணவில் இருக்கிறான். பள்ளியில் கொஞ்சம் மிச்சம் வைத்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஒரு கிராம் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்ததற்கு நாலு கிராம் கொழுப்பு என்ற கணக்கு, முழுவதும் வயிற்றுக்குள் போனால்தான் நிற்கும். எண்ணெயும் கிரீமும் பாத்திரச் சுவரில் படிந்து திரும்பி வரும், கணக்குச் சாய்வது அங்கேதான். வளையும் சின்ன ரப்பர் கரண்டி ஒன்று வைத்து வழித்துச் சாப்பிடப் பழக்குங்கள். ஒரே டப்பாவில், கிளறிச் சேர்த்த மாதிரி கட்டுவது நல்லது. தனித்தனியாக வைத்தால் பிடித்ததை மட்டும் தின்பான். இருமல் சிரப்பில் உள்ள சர்க்கரையும் கணக்குதான், பள்ளியில் யாரும் தன்னிச்சையாகக் கொடுக்காமல் சொல்லி வையுங்கள்.

கேள்வி: பள்ளியில் சூடு பண்ண வசதியில்லை. காலை ஆறு மணிக்குக் கட்டினால் ஒரு மணிக்குக் கெட்டுப்போகுமா?

வெதுவெதுப்பாகக் கட்டினால் கெடும். 5 முதல் 60 டிகிரி வரை கிருமிக்குக் கொண்டாட்டம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சூட்டில் வைக்கக் கூடாது. சாதத்தில் உண்டாகும் விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஒன்று நன்றாகச் சூடு, இல்லையென்றால் நன்றாகக் குளிர்ச்சி.

சூட்டுக்கு: ஃபிளாஸ்கில் கொதிநீரை நிரப்பிப் பத்து நிமிஷம் மூடி வையுங்கள், கொட்டியதும் ஆவி பறக்கும் உணவைக் கழுத்துவரை நிரப்புங்கள். பாதி ஃபிளாஸ்க் சீக்கிரம் ஆறிவிடும். குளிர்ச்சிக்கு: இரவே ஃபிரிட்ஜில் வைத்த உணவு, மேலே ஒரு ஐஸ் பேக்.

அப்படியே மூடியில் உள்ள ரப்பர் வளையத்தை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். அடியில் கரிய பிசுபிசுப்பாக ஒரு கோடு தெரியும், பல நாள் சாப்பாட்டின் மிச்சம். அலர்ஜி உள்ள பிள்ளையின் டப்பா வேறு யாருக்காவது பயன்பட்டிருந்தால் ஆகாத பொருளும் அதில்தான் இருக்கும். தினமும் கழற்றிச் சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து மாட்டுங்கள். வளையம் விரிசல் விட்டிருந்தால் புதிது வாங்குங்கள்.