சித்திரை வெயிலில் கல்கிசைக் கடல் குளம்போலக் கிடக்கிறதே, அலைச்சறுக்கல் பழகலாமா?

கேள்வி இதுதான்: கொழும்பில் இருக்கிறோம், எட்டடி ஃபோம் போர்ட் ஒன்று கையில் இருக்கிறது, சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வருகிறது, கல்கிசையில் மூன்று நாளாக அலையே இல்லை. காத்திருப்பதா, வேறு கரைக்குப் போவதா, இந்த அமைதியை நம்பி இறங்கலாமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அலைகளுக்கு இடையிலான நேரம் 12 செக்கனுக்கு மேல் இருக்கும் ஒரு நாளில், காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் கல்கிசையில் பழகலாம். மற்ற நாட்களில் போர்ட்டில் படுத்துக் கையால் தண்ணீரை வலிக்க, அதாவது துடுப்புப்போலத் தள்ளி முன்னேறப் பழகலாம், எழும்பி நிற்கப் பழக முடியாது. கடல் அமைதியாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து ஆபத்து இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். இந்த மாதத்தில் வரும் அலை முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

மேற்குக் கரையைக் குழப்பும் காற்று தென்மேல் பருவக்காற்று. அது மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. மார்ச், ஏப்ரல் மாதங்கள் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் நடுவில் வருபவை. ஊர்க்காற்று செத்துக் கிடக்கும், சூரியன் ஏப்ரல் முதல் பாதியில் நேரே தலைக்கு மேல் நிற்கும், கடல் கண்ணாடிபோல இருக்கும். ஆனால் காற்று இல்லாததால் கடலில் அலையே இல்லை என்று சொல்ல முடியாது. அலையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பக்கத்துக் கடலில் அடிக்கும் காற்று எழுப்பும் அலை. இது ஐந்தாறு செக்கனுக்கு ஒன்றாக, ஒழுங்கில்லாமல் வரும், காற்று விழுந்தால் தானும் அடங்கிவிடும். மற்றது தூர அலை. முன்னறிவிப்புச் செயலிகளில் ஸ்வெல் என்று போட்டிருப்பது இதைத்தான். இது தென் துருவத்தைச் சுற்றியுள்ள கடலில், 40 முதல் 50 பாகைத் தென் அகலக்கோட்டில் அடிக்கும் புயல்களிலிருந்து புறப்பட்டு வருகிறது. 14 செக்கன் இடைவெளியுள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீற்றர் வேகத்தில் நகரும். அப்படியானால் ஒரு நாளைக்கு 900 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. அங்கே அடித்த புயல் ஐந்தாறு நாள் கழித்துத்தான் நம் கரையில் அலையாகத் தெரியும், அதுவும் இங்கே ஒரு இலைகூட அசையாத காலையில்.

கேரளத்து மீனவர்கள் இதன் பெரிய வடிவத்துக்கு வைத்திருக்கும் பெயர் கள்ளக்கடல். மழையும் காற்றும் இல்லாமல், கள்ளனைப்போல வந்து கரையேறும் கடல். 2012 இல் யுனெஸ்கோ இந்தப் பெயரை அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. பருவக்காற்றுக்கு முந்திய மாதங்களில்தான் இது அதிகம் பேசப்படும். நம் கரையும் அதே தெற்குக் கடலைப் பார்த்துத்தான் கிடக்கிறது.

ஆகவே முன்னறிவிப்பைப் பார்க்கும்போது உயரத்தில் கண்ணை வைக்க வேண்டாம், செக்கனைப் பாருங்கள். 0.8 மீற்றர் உயரம், 6 செக்கன் என்றால் அது வெறும் சலசலப்பு. அதே 0.8 மீற்றர் 14 செக்கனில் வந்தால் அது சுமந்துவரும் சக்தி இரண்டு மடங்குக்கும் மேல். 6 செக்கன் அலை கிட்டத்தட்ட 28 மீற்றர் ஆழத்துக்கு வந்த பிறகுதான் அடித்தரையை உணரும். 14 செக்கன் அலை 150 மீற்றர் ஆழத்திலேயே உணரத் தொடங்கி, கரைக்கு வர வர நிமிர்ந்து உயரும். ஒரே உயரம் போட்டிருந்த இரண்டு நாட்களில் ஒருநாள் முழங்காலளவும் மறுநாள் இடுப்பளவும் வருவதற்குக் காரணம் இதுதான்.

செயலியை நம்பாமல் நேரே அளக்கவும் முடியும். தண்ணீருக்குள் அசையாமல் நிற்கும் ஒரு பாறையைக் குறிவையுங்கள். ஒரு முகடு அதைத் தொட்டதும் கைபேசியில் நேரத்தைத் தொடங்கி, பதினோராவது முகடு தொட்டதும் நிறுத்திப் பத்தால் வகுத்தால் இடைவெளி கிடைக்கும். 8 செக்கனுக்குக் கீழே என்றால் போர்ட்டை உறையிலிருந்து எடுக்கத் தேவையில்லை.

திசையும் முக்கியம், இங்கேதான் கொழும்புக்காரர்கள் ஏமாறுகிறார்கள். கொழும்பின் கரை மேற்கைப் பார்த்தது. தெற்கிலிருந்து நேராக வரும் அலை நம் கரைக்கு இணையாக ஓடிப் போய்விடும், ஓரத்தில் வளைந்து வருவது மட்டும்தான் நமக்கு. தென்மேற்கிலிருந்து வரும் அலை, அதாவது செயலியில் 210 முதல் 240 பாகை வரை காட்டுவது, ஓரளவு நேராக விழும். செக்கன் கூடிய அலை அதிகமாக வளையும் என்பதால் 15, 16 செக்கன் இருந்தால் 190 பாகையிலிருந்தும் கொஞ்சம் வந்து சேரும். செயலி வெளிக்கடலுக்கு 1.2 மீற்றர் என்று காட்டினால் ஹிக்கடுவையில் நல்ல அலை இருக்கலாம், கல்கிசையில் அதில் பாதிகூட வராமல் போகலாம். கல்கிசையிலேயே ஹோட்டல் நிற்கும் பாறைமுனைக்கு உடனடி வடக்கே இருக்கும் மணல் தெற்கு அலையிலிருந்து மறைவானது. தெஹிவளைப் பக்கம் நடக்க நடக்கக் கடல் திறந்துகொள்ளும். அதே காலையில் 500 மீற்றர் தள்ளி அலை இருக்கக்கூடும் என்பதால், முனையடியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம்.

நேரத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் கரைக்காற்று. இரவில் தரை குளிர்ந்து, காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். விடியற்காலையில் அது அலையின் முகத்தில் எதிர்த்து அடித்து, அலையைச் சற்றுத் தாங்கிப் பிடித்துச் சுத்தமாக மடங்க வைக்கும். பத்து, பதினொரு மணிக்குத் தரை சூடேறியதும் காற்று திரும்பி, கடற்காற்று முதுகுப் பக்கமாக வந்து அலையை நொறுக்கிவிடும். பின்னேரம் இன்னொரு சிக்கல்: மார்ச், ஏப்ரல் மாதங்கள் பின்னேர இடிமழைக் காலம். முதல் இடிச்சத்தம் கேட்டதும் கரையேறி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் தண்ணீர்ப் பக்கம் போகாமல் இருங்கள். திறந்த கடலில் போர்ட்டின் மேல் உட்கார்ந்திருப்பவர்தான் அந்த இடத்தில் மிக உயர்ந்த பொருள்.

கொழும்பில் வற்றுப்பெருக்கு பெரிதில்லை. போயாவையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் முக்கால் மீற்றருக்கு உள்ளேதான், இடைப்பட்ட நாட்களில் இன்னும் குறைவு. அதனால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பெரிய அலைக்கு அது சரி. சின்ன அலைக்கு இந்த அரை மீற்றர்தான் எல்லாம். ஓர் அலை தன் உயரத்தைப்போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். 0.6 மீற்றர் அலை உடைய 0.8 மீற்றர் ஆழம் வேண்டும். வற்று நேரத்தில் வெளியிலுள்ள மணல்திட்டின் மேல் அந்த ஆழம் இருக்கும், அலை அங்கே மெதுவாக உடைந்து உங்களைக் கரைவரை கொண்டுவரும். பெருக்கில் திட்டின் மேல் 1.4 மீற்றர் தண்ணீர் நின்றால் அதே அலை உடையாமல் தாண்டி வந்து, கரைச் சரிவில் ஒரேயடியாகக் கொட்டும். வற்றிலிருந்து பெருக்கு ஏறத் தொடங்கும் முதல் இரண்டு மணித்தியாலம்தான் சின்ன அலைக்கு ஏற்றது. நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் பிந்திப்போகும். இந்த வாரம் காலையில் வற்று என்றால் அடுத்த வாரம் அதே நேரத்தில் பெருக்கு.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம் மணல். பருவக்காற்று அலைகள் கரை மணலை வாரி வெளியே திட்டாகப் போடும். அமைதிக் காலத்துச் சின்ன அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து கரையில் சேர்க்கும். ஏப்ரலில் கரை அகலமாக, தண்ணீர் ஓரம் செங்குத்தாக இருப்பது இதனால்தான். பார்க்க அழகாக இருக்கும் அந்தச் சரிவில்தான் அலை முழங்கால் ஆழத்தில் குப்புறக் கொட்டுகிறது. கழுத்திலும் தோளிலும் அடிபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், ஆழக்கடலில் இல்லை. போர்ட்டோடு வெளியேறும்போது போர்ட்டை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் வைக்கவே கூடாது, பக்கவாட்டில் பிடியுங்கள். தலைகீழாகப் பாய்ந்து நீந்த வேண்டாம்.

இனி அமைதியின் உண்மையான பொறி. தூர அலை கூட்டம் கூட்டமாக வரும். நாலைந்து அலை வந்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒன்றுமே இருக்காது. அந்த இடைவெளியில் வந்து பார்ப்பவருக்குக் கடல் குளம். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குப் போவார்கள், அப்போது அலைக்கூட்டம் வரும். கூட்டம் கரையில் ஏற்றிவிட்ட தண்ணீர் திரும்பக் கடலுக்குப் போக வழி தேடும்போது, ஆழமான ஒரு வாய்க்கால் வழியாக இழுத்துக்கொண்டு ஓடும். செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தை அது எளிதாகத் தொடும், சாதாரணமாக நீந்தத் தெரிந்தவர் அதை எதிர்த்து வெல்ல முடியாது. அந்த வாய்க்கால் எங்கே என்றால், இருபுறமும் நுரை இருக்க நடுவில் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் துண்டு. பிள்ளைகளோடு இறங்குபவர்கள் தேர்ந்தெடுப்பதும் அதைத்தான். பாறைமுனையை ஒட்டிய ஓரத்தில் இது அடிக்கடி அமையும்.

இறங்கும் முன் 20 நிமிடம் கரையில் உட்கார்ந்து பாருங்கள், கடிகாரத்தை வைத்து. குறைந்தது ஒரு கூட்டமாவது வந்து போகட்டும். இழுபட்டால் எதிர்த்து நீந்தாமல் மிதந்து, ஒரு கையை உயர்த்திக் காட்டி, கரைக்கு இணையாக நகருங்கள். போர்ட்டை ஒருபோதும் விட வேண்டாம், அதைவிட நல்ல மிதவை உங்களுக்குக் கிடைக்காது. கல்கிசையில் பொலிஸ் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில் குளிப்பவர்கள், போர்ட்காரர்கள் அதற்கு வெளியே, ஆனால் உயிர்காப்பாளரின் கண்பார்வைக்குள். அவசரத்துக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990.

போர்ட்டைப் பற்றி: 65 முதல் 80 கிலோ எடையுள்ள புதியவருக்கு எட்டு முதல் ஒன்பது அடி, 70 முதல் 90 லீற்றர் சரி. எட்டடிக்குக் கீழே இருப்பதை இந்தக் கடலுக்கு வாங்கினால் வீண். வழுக்காமல் இருக்கப் போர்ட்டின் மேல் பூசும் மெழுகு, வெப்பக் கடலுக்கு என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இங்கே தண்ணீர் 28 முதல் 30 பாகை, குளிர்க் கடல் மெழுகு பூசினால் உருகி வழியும். கார் உள்ளே அல்லது வெயிலில் மணலில் போர்ட்டை விட்டால் மேலுறைக்குக் கீழே காற்றுக் கொப்புளம் வந்து, அதற்குப் பிறகு ஒட்டாது. நிழல் இல்லாவிட்டால் குப்புறப் போட்டு ஈரத்துணியால் மூடுங்கள்.

பலமில்லாத அலையைத் தவறவிடுவதற்குப் பெரும்பாலான காரணம் படுத்திருக்கும் இடம். பின்னுக்குப் படுத்தால் போர்ட்டின் மூக்கு வானத்தைப் பார்க்கும், போர்ட் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நிற்கும், அலை கீழால் போய்விடும். மூக்கு தண்ணீருக்கு மேலே நாலைந்து விரற்கடை இருக்கும்வரை முன்னுக்கு நகருங்கள். அலை வந்து முட்டிய பிறகு வலிக்கத் தொடங்கினால் பிந்திவிட்டது. மூன்று நான்கு உடல் நீளத் தூரத்தில் வரும்போதே தொடங்கி, ஏழெட்டு முறை ஆழமாக வலியுங்கள். பின்பகுதி தூக்குவது தெரிந்ததும் நெஞ்சைத் தாழ்த்தி இன்னும் இரண்டு முறை வலித்த பிறகு எழும்புங்கள். அந்தக் கடைசி இரண்டை விட்டுவிட்டு எழும்புவதால்தான் பலர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்.

வெள்ளவத்தையைப் பலர் கேட்கிறார்கள், பக்கத்தில் இருப்பதால். வேண்டாம். கரை ஒடுக்கம், ரயில் பாதையைக் காக்கப் போட்ட கருங்கற்கள், தண்ணீருக்குள் பாறை. கால்வாய் வாய்களும் இருக்கின்றன. பின்னேர மழை பலமாகப் பெய்தால் கால்வாய் முகத்துவாரங்களுக்கு அருகே இரண்டு மூன்று நாள் இறங்காமல் இருப்பது நல்லது, தெஹிவளைக்கும் இது பொருந்தும். கல்கிசையிலும் தண்டவாளத்தைக் கடந்துதான் கரைக்குப் போக வேண்டும். எட்டடி போர்ட்டைத் தலையில் வைத்தால் ஒரு பக்கம் தெரியாது, அலைச்சத்தத்தில் ரயில் கேட்காது. கையிடுக்கில் பிடித்து, நின்று, இருபக்கமும் பார்த்துக் கடக்கவும். கரைவலை இழுப்பதும் இந்த அமைதிக் காலத்தில்தான். கயிறு கடலுக்குள் போயிருந்தால் அந்த வளைவுக்குள் இறங்க வேண்டாம், அது அவர்கள் பிழைப்பு. சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காமல் கடல்நீரால் கழுவி, ஒட்டியிருப்பதைச் சாமணத்தால் எடுத்து, பொறுக்கக்கூடிய வெந்நீரில், 45 பாகைக்கு மேற்படாமல், 20 நிமிடம் வைக்கலாம். மூச்சு இறுகினால் உடனே 1990.

விடுமுறைக்கு இரண்டு நாள் ஒதுக்க முடியும் என்றால் நான் கல்கிசையைச் சொல்லமாட்டேன், வெலிகமவைச் சொல்வேன். குடா வளைவு, மணல் தரை, நீண்டு மெதுவாக உடையும் அலை. கல்கிசையில் ஒன்றுமில்லாத நாளிலும் அங்கே பழகுவதற்குப் போதுமானது கிடைக்கும். ஒரே நாளில் போய்த் திரும்ப ஹிக்கடுவை ரயிலில் வசதி, ஆனால் அங்கே பவளப்பாறைப் பக்கத்தை விட்டுத் தெற்கே நாரிகம மணலுக்குப் போங்கள். ஏப்ரல் முடிவோடு தென்கரையின் பருவம் முடிகிறது. அதற்குப் பிறகு அறுகம்பே, ஆனால் அங்கே பெயர்பெற்ற பிரதான அலை புதியவருக்கு இல்லை, குடாவின் உட்பக்க அலைதான் உங்களுக்கு.

போகும் முதல் நாள் இரவு வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையில் புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக ஹம்பாந்தோட்டை வரையான பகுதிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அங்கே 2.5 மீற்றர் உயரத்துக்குத் தூர அலை என்று எச்சரிக்கை இருந்தால், காலையில் கடல் எவ்வளவு குளமாகத் தெரிந்தாலும் அன்று போர்ட் வீட்டிலேயே இருக்கட்டும்.