பர்மா உளுந்து வாங்கினால் பணம் முடங்குமா?

கேள்வி: விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிறேன். இதுவரை சென்னை இறக்குமதியாளர்களிடம்தான் உளுந்து வாங்கினேன். யாங்கூனில் இருந்து நேரடியாகவே கன்டெய்னர் எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒரு புரோக்கர். அங்கே ராணுவ ஆட்சி, அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டிருக்கிறது என்கிறார்களே, என் பணம் மாட்டிக்கொள்ளுமா? தடை சீக்கிரம் நீங்குமா?

பதில்: உளுந்துக்குத் தடை கிடையாது. மியான்மர் நாட்டுக்கே மொத்தமாகத் தடை என்பதும் இல்லை. 2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, மக்களாட்சிக்குத் திரும்பச் சொல்லி அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் நெருக்கடி கொடுக்கின்றன. அது தளபதிகள், அவர்களின் கம்பெனிகள், சில அரசு வங்கிகள் என்று பெயர் குறிப்பிட்டுப் போட்ட தடை. ஐ.நா. பொருளாதாரத் தடை எதுவும் போடவில்லை. அமெரிக்கா தனியாகப் போடும் தடை இந்தியச் சட்டப்படி உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆட்சி கவிழ்ந்த அதே 2021-ல்தான் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து வாங்க நம் அரசு மியான்மருடன் ஒப்பந்தம் போட்டது.

அப்புறம் என்ன பயம் என்றால், டாலர்தான். நீங்கள் யாங்கூனுக்கு அனுப்பும் டாலர் பெரும்பாலும் நியூயார்க்கில் உள்ள ஏதாவது ஒரு வங்கியைத் தொட்டுத்தான் போகும். அங்கே அமெரிக்கத் தடைப் பட்டியலில் உள்ள பெயர் தென்பட்டால் பணம் நின்றுவிடும். அதை மீட்க அமெரிக்க நிதித்துறையிடம் அனுமதி கேட்க வேண்டும். சரக்கு துறைமுகத்தில் கிடக்கும், வாடகை ஏறும். உங்கள் வங்கியில் போய்க் கேட்டால் "கம்ப்ளையன்ஸ்ல இருக்கு சார்" என்பார்கள், அதாவது விதிச் சரிபார்ப்பில் நிற்கிறது. எந்தப் பெயரில் சிக்கியது என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தளபதியைத் திருத்தப் போட்ட தடைக்குக் கிளை மேலாளர் முன்னால் வியாபாரி நிற்க வேண்டியிருக்கிறது.

அதனால் விற்பவர் யார் என்று பார்ப்பதைவிட, அவருடைய வங்கி எது என்று முதலில் பாருங்கள். மியான்மா ஃபாரின் டிரேட் பேங்க், மியான்மா இன்வெஸ்ட்மென்ட் அண்டு கமர்ஷியல் பேங்க் இரண்டும் 2023 ஜூனில் அமெரிக்கப் பட்டியலில் ஏறின. இது எளிதாகத் தெரிந்துவிடும்.

தெரியாமல் போவது வேறொன்று. பட்டியலில் உள்ளவர்களுக்கு 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால், அந்த நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் அதுவும் தடைக்கு உட்பட்டதுதான். இரண்டு பேருக்குத் தலா 25 சதவீதம் இருந்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். மியாவடி வங்கி ராணுவத்தின் எம்.இ.எச்.எல். நிறுவனத்துடையது. இன்வா வங்கி ராணுவத்தின் இன்னொரு நிறுவனமான எம்.இ.சி. உடையது. இரண்டு தாய் நிறுவனங்களும் 2021 மார்ச்சிலேயே பட்டியலுக்கு வந்துவிட்டன. "பெயரைப் போட்டுத் தேடினேன், வரவில்லை, அதனால் பிரச்சினை இல்லை" என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். பங்குதாரர் விவரத்தை எழுத்தில் வாங்குங்கள்.

டாலரைத் தொடாத வழியும் உண்டு. 2024 ஜனவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி மூலம் ரூபாயிலேயே கணக்குத் தீர்க்க ஏற்பாடு வந்தது. விற்பவர் ஒத்துக்கொண்டால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒத்துக்கொள்ள அவர் தயங்குவார், காரணம் உண்டு. ஏற்றுமதியில் வரும் டாலரில் ஒரு பங்கை அரசு சொல்லும் விலைக்கு மாற்றியாக வேண்டும் என்று அங்கே விதி போட்டார்கள். அந்த விலையை ஒரு டாலருக்கு 2,100 கியாட் (மியான்மர் நாணயம்) என்று வைத்தார்கள். வெளிச்சந்தையிலோ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போனது. கணக்கில் வராத டாலர் வெளிநாட்டில் கையில் கிடைத்தால்தான் அவருக்கு லாபம். ஆகவே "இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போடுவோம், மீதியை சிங்கப்பூரிலோ துபாயிலோ என் ஆளிடம் கொடுத்துவிடுங்கள்" என்ற பேச்சு வரும். புரோக்கரும் சின்ன விஷயம் போலச் சொல்வார். அது ஹவாலா. ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் போட இடமிருக்கிறது. சுங்கத்தில் தவறான மதிப்பு காட்டிய வழக்கு தனி. அமெரிக்கத் தடையை நினைத்துத் தூக்கம் கெடுபவர்கள் கடைசியில் மாட்டுவது நம்மூர்ச் சட்டத்தில்தான். அப்போது கமிஷன் வாங்கியவர் போனை எடுக்க மாட்டார்.

கூடவே கொஞ்சம் தேக்கும் எடுக்கலாம் என்பார். வேண்டாம். அங்கே மரம் மியான்மா டிம்பர் எண்டர்பிரைஸ் கையில் இருக்கிறது, அதுவும் 2021-லேயே பட்டியலில் சேர்ந்தது.

உங்கள் அளவுக்கு முதல் வருடம் சென்னை இறக்குமதியாளரிடமே ரூபாயில் வாங்குவது நல்லது. கிலோவுக்குச் சில காசு கூடப் போகும், போகட்டும்.

தடை எப்போது நீங்கும்? 1997-ல் புதிய முதலீட்டுக்குத் தடை, 2003-ல் இறக்குமதித் தடை என்று அமெரிக்கா இறுக்கிக்கொண்டே போனது. 2010-ல் மக்களாட்சிக்காகப் போராடிய தலைவர் ஆங் சான் சூச்சி விடுதலையானார். 2015 தேர்தலில் அவர் கட்சி வென்றது. 2016-ல் தடைகளை நீக்கினார்கள். ஐந்து வருடத்தில் மறுபடி ராணுவம். வெளியிலிருந்து கொடுத்த நெருக்கடியால்தான் தளபதிகள் இறங்கி வந்தார்கள் என்று நான் நம்பவில்லை. சீனாவையே முழுக்கச் சார்ந்திருக்கும் பயமும் அவர்களுக்கு இருந்தது. சூச்சியைச் சிறையில் வைத்து, கட்சியைக் கலைத்துவிட்டு, 2025 டிசம்பரில் தேர்தல் தொடங்கினார்கள். அதைக் காட்டி "தடை எடுக்கப் போறாங்க, இப்பவே அட்வான்ஸ் போடுங்க" என்று யாராவது சொன்னால், அந்த அட்வான்ஸை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.