காரைதீவில் வளர்ந்தவன் ஒட்டாவாவில் பனிக்கால நடைக் குழுவில் சேரலாமா?

கேள்வி கேட்ட தம்பி காரைதீவு. சனவரியில் படிக்க ஒட்டாவா போகிறார். அங்குள்ள மாணவர் குழு ஒன்று ஞாயிறுகளில் காட்டுப் பாதைகளுக்குப் போகிறதாம். சிலர் ஸ்கீ என்கிற நீளச் சறுக்குப் பலகையில், சிலர் பனியில் கால் புதையாத அகலச் சட்டமான ஸ்னோஷூவைச் சப்பாத்தில் கட்டிக்கொண்டு, மிச்சப் பேர் சும்மா நடந்து. ‘குளிரே கண்டதில்லை, சேரலாமா, எதில் தொடங்குவது, இங்கிருந்து என்ன வாங்கிக்கொண்டு போவது’ என்று கேட்டிருக்கிறார். கடைசி வரியில், அம்மா பயப்படுகிறா என்றும்.

சேரலாம். போய் இறங்கின மாதமே சேருங்கள். நான் களுவாஞ்சிக்குடிக்காரன். ஒட்டாவாவில் சில வருடம் வேலை செய்துவிட்டு இப்போது மட்டக்களப்பில் இருக்கிறேன். அங்கே குளிர்காலத்தை வீட்டுக்குள் இருந்து கழித்த நம் ஆட்களையும் பார்த்தேன், ஞாயிறு விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினவர்களையும் பார்த்தேன். மார்ச் மாதத்தில் இரண்டு கூட்டத்தின் முகத்திலும் இருந்த வித்தியாசம் சொல்லி விளங்காது.

நீங்கள் கேட்டது பெரும்பாலும் சாமான் பற்றி. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், அந்தக் குழுவில் கடைசி ஆளாக வருவது யார் என்று விசாரியுங்கள்.

கதிர்காமப் பாதயாத்திரை நீங்கள் போகாவிட்டாலும் வீட்டில் யாராவது போயிருப்பார்கள். ஆடித் திருவிழாவை ஒட்டி உகந்தையில் காட்டு வழி திறந்ததும் குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று நாலைந்து நாள் காட்டுக்குள்ளால் நடக்கிற பயணம். வேல் தாங்கி முன்னால் போகிறவரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். உண்மையில் கூட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் பின்னால் வருகிற பழைய சாமி. கால் கொப்பளித்த ஆச்சியின் மூட்டையை வாங்கிக்கொள்வார். பற்றைக்குள் ஒதுங்கினவர் திரும்பி வரும்வரை நிற்பார். அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் வேலை. ஒட்டாவாவிலும் ஒழுங்கான குழு என்றால் புறப்படும் இடத்திலேயே ஒருவர் ‘இன்றைக்கு நான் கடைசி’ என்று கையை உயர்த்திக் காட்டுவார். அப்படி ஒருவர் இல்லாத குழுவோடு நல்ல வெயிலடிக்கிற நாளில் வேண்டுமானால் போங்கள்.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், குளிரில் ஆளுக்கு ஆள் காத்து நிற்க முடியாது. உகந்தைக் காட்டில் முன்னால் போனவர்கள் மரநிழலில் சாய்ந்து அரை மணி நேரம் இருக்கலாம். மைனஸ் 12 இல் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றாலே முதுகு வியர்வை குளிரத் தொடங்கும், விரல் விறைக்கும், ‘சரி, நடப்பம்’ என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பின்னால் வருகிறவர் மூச்சிரைக்க வந்து சேர்வார். வேகமான ஆட்களுக்கு ஓய்வு, ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஒன்றும் இல்லை. இப்படி மூன்று சந்தி தாண்டினால் அவர் உடைந்துவிடுவார். புதிதாகச் சேர்கிறவர் என்பதால் அந்த ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அதனால் கேட்டு வைப்பது நல்லது.

மூன்று விதமாகவும் ஆட்கள் வருகிற குழுவில் இன்னொரு சிக்கல், வேகம். ஸ்னோஷூவில் மணிக்கு மூன்று கிலோமீற்றர் போனால் நல்ல நடை. ஸ்கீயில் பழகினவர் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு போவார். சேர்ந்து போக முடியாது, சேர்ந்து சாப்பிடலாம். ஒட்டாவாவிலிருந்து ஆற்றைத் தாண்டினால் கியூபெக் பக்கம் கட்டினோ பார்க் இருக்கிறது. உங்கள் குழுவும் பெரும்பாலும் அங்கேதான் போகும். ஸ்கீப் பாதைகள் மட்டும் சுமார் 200 கிலோமீற்றர். காட்டுக்குள் அங்கங்கே விறகு அடுப்போடு மரக் குடில்கள் கட்டி வைத்திருக்கிறார்கள், யாரும் உள்ளே போய் இருக்கலாம். ஸ்கீக்காரர் நீள வழியால் சுற்றி வர, ஸ்னோஷூக்காரர் குறுக்கு வழியால் ஏற, நடப்பவர்கள் மிதிபட்டு இறுகின பாதையால் வர, மத்தியானம் ஒரு குடிலில் எல்லாரும் கூடுவது. அடுப்பைச் சுற்றி ஈரக் கையுறைகள் தொங்கும், ஒரு புழுங்கின மணம் வரும், யாரோ சூப் நீட்டுவார்கள். இந்த அரை மணித்தியாலத்துக்காகவே வருகிறவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சி. சான்ட்விச் கல்லாகிவிடும். கச்சான், எள்ளுருண்டை கொண்டுபோங்கள். எந்தக் குளிரிலும் கடிக்கலாம், பங்கும் கொடுக்கலாம்.

எதில் தொடங்குவது? முதல் முறை நடை. அதில் சறுக்கி விழுவதுதான் பெரிய ஆபத்து. சப்பாத்துக்கு மேலே இழுத்து மாட்டுகிற ரப்பர் பட்டி, அடியில் சின்ன இரும்புப் பல் வைத்தது, கடைகளில் கிடைக்கும். ஐஸ் படிந்த பாதையில் அது இல்லாமல் இறங்க வேண்டாம். அடுத்து ஸ்னோஷூ. அந்தக் காடுகளில் காலாகாலமாக வாழும் அல்கொங்கின் மக்கள் மரச் சட்டத்தில் தோல்வார் பின்னி நடந்ததன் இன்றைய வடிவம், இப்போது அலுமினியமும் பிளாஸ்டிக்கும். உடல் பாரம் அகலமாகப் பரவுவதால் கால் புதையாது. பையோடு சேர்ந்த உங்கள் நிறையைச் சொன்னால் வாடகைக் கடையில் அளவு பார்த்துத் தருவார்கள். பத்து நிமிடத்தில் பழகிவிடும். புதுப் பனி முழங்கால் அளவு கிடந்தால் முதல் ஆளாகப் பாதை போடுவது மட்டும் முறிகிற வேலை. முன்னால் போகிறவர் களைத்ததும் ஒரு பக்கம் விலகி நின்று, எல்லாரும் தாண்டின பிறகு வரிசையின் பின்னால் சேர்ந்துகொள்வார். உங்கள் முறை வந்தால் தயங்காமல் போங்கள். நாலு நிமிடம் போட்டாலும் மரியாதைதான்.

ஸ்கீ மூன்றாவது. மலையிலிருந்து பாய்கிற ஸ்கீயை நினைக்க வேண்டாம், இது சமதரையிலும் சின்ன ஏற்ற இறக்கத்திலும் போகிறது. குதிக்கால் தூக்கக்கூடியதாக இருக்கும். பாதைப் பனியில் மெஷின் போட்ட இரண்டு நீளத் தவாளிப்புக்குள் ஸ்கீயை வைத்தால் அதுவே வழி காட்டும். ஏறுவது கஷ்டமில்லை, இறங்குவதுதான் கஷ்டம். ஸ்கீயின் முன்நுனிகளைக் கிட்டவாகவும் பின்பக்கத்தை அகலமாகவும் வைத்து வேகத்தை அடக்கப் பழக வேண்டும். அடங்கவில்லையா, பக்கவாட்டில் குந்தி விழுந்துவிடுங்கள். விழுந்ததும் பாதையை விட்டு விலகுங்கள், பின்னால் ஒருவர் வந்துகொண்டிருப்பார்.

ஒரு மரியாதை விஷயம். அந்தத் தவாளிப்பில் சப்பாத்தாலோ ஸ்னோஷூவாலோ மிதிக்கவே கூடாது. மிதித்த குழி இரவில் உறைந்தால் மறுநாள் காலையில் வருகிறவர் கால் முறியும். ஸ்னோஷூவுக்கு வேறு பாதை போட்டிருப்பார்கள், பலகையில் படமும் இருக்கும். முதல் நாளே திட்டு வாங்குகிற புது ஆட்கள் பெரும்பாலும் இதற்குத்தான் வாங்குகிறார்கள்.

இனி உடுப்பு. இதை மட்டக்களப்பிலேயே விளங்கிக்கொள்ளலாம். இப்போது மாரி. ஒரு நாள் மழையில் பருத்தி பனியன் நனைய வேகமாக நடந்துவிட்டு, வாடை அடிக்கிற நேரம் கல்லடிப் பாலத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். வெப்பநிலை 24, 25 டிகிரிதான் இருக்கும், ஆனாலும் பல் கிட்டும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் உடம்புச் சூட்டை அப்படி உறிஞ்சும். அங்கே ஈரம் பெரும்பாலும் வெளியிலிருந்து வராது, உங்கள் வியர்வைதான். காற்றுக்கும் அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள்: மைனஸ் 10 இல் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20. அந்தக் காற்றுக் கணக்கு மைனஸ் 28 க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையலாம். காலநிலை அறிவிப்பில் அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுங்கள்.

ஆகவே ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி பனியன் வேண்டாம், பருத்தி சொக்ஸ் வேண்டாம். உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்டர், அதற்கு மேல் ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெற். புறப்படும்போது கொஞ்சம் குளிர வேண்டும். கதகதப்பாகப் புறப்பட்டால் கால் மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டும். சூடு ஏறியதும் வெட்கப்படாமல் நின்று ஒரு அடுக்கைக் கழற்றுங்கள், நின்று சாப்பிடும்போது திரும்பப் போடுங்கள். விரல்கள் தனித்தனியாகப் போகிற கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாகப் போகிறது சூடு. கொழும்புப் புறக்கோட்டையில் மொத்தக் கம்பளிக் கோட்டு வாங்கிச் சூட்கேசை நிரப்ப வேண்டாம், தம்பி. பஸ் தரிப்பிடத்தில் நிற்க அது உதவும், நடக்க உதவாது. அங்கே பழைய சாமான் கடைகளில் நல்ல உடுப்பு மலிவாகக் கிடைக்கும், ஸ்கீயும் ஸ்னோஷூவும் வாடகைக்கு எடுக்கலாம். இங்கிருந்து எள்ளுருண்டை கொண்டுபோங்கள்.

தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாகப் பையில் வையுங்கள். ஐஸ் மேலேயிருந்துதான் பிடிக்கும், அப்போது மூடி அடைபடாது. போனை உள் சட்டைப் பையில் வையுங்கள், வெளியே வைத்தால் பற்றரி திடீரென்று செத்துவிடும்.

குழுவாகப் போவதன் பெரிய பயன் முகம் பார்ப்பது. உங்கள் மூக்கு நுனி உறைவது உங்களுக்குத் தெரியாது, மரத்துப்போயிருக்கும். எதிரே வருகிறவர்தான் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரரில் வெள்ளைத் திட்டு சட்டென்று தெரியும். நம் நிறத்தில் வெளிறி, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், பழகாத கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே பக்கத்தில் நடப்பவரிடம் முதலே சொல்லி வையுங்கள். திட்டுக் கண்டால் வெறும் கையை வைத்து மூடிச் சூடாக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பனியால் தேய்ப்பது என்று யாராவது வைத்தியம் சொன்னால் கும்பிட்டுவிட்டு விலகுங்கள். ஒருவர் கதை குழறி, தடுமாறி, ‘எனக்குக் குளிரவில்லை’ என்று சொல்லத் தொடங்கினால் அன்றைய நடை அங்கே முடிந்தது; எல்லாரும் திரும்ப வேண்டும்.

வெளிச்சம் இன்னொன்று. இங்கே சனவரியில் ஆறு மணி வரை பொழுது இருக்கும். அங்கே மாதத் தொடக்கத்தில் நாலரைக்கே சூரியன் போய்விடும், இருண்டதும் குளிர் இறங்கும். நல்ல குழுத் தலைவர் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க மாட்டார், மணியைப் பார்ப்பார். சொன்ன நேரம் வந்தால் குடில் கண்ணுக்குத் தெரிந்தாலும் திருப்பிவிடுவார்.

உறைந்த ஏரி அழகாகக் கிடக்கும், குறுக்கே போனால் கிட்ட என்று யாராவது சொல்வார்கள். ஒருவர் நடப்பதற்கே 15 சென்ரிமீற்றர் ஐஸ் வேண்டும் என்பது கனடாச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கு. ஒட்டாவா நகரத்துக்குள் ரிடோ கால்வாய் 7.8 கிலோமீற்றர் உறைந்து சறுக்கு மைதானமாகிவிடும்; 2022–23 குளிர்காலத்தில் ஐஸ் போதாமல் வரலாற்றில் முதல் முறையாக அது திறக்கப்படவே இல்லை. நாள்தோறும் அளந்து பார்க்கிற இடத்துக்கே அந்தக் கதி. முகத்துவாரம் வெட்டின கையோடு களப்பில் இறங்காதே என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்தப் பயத்தை அங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள். கரடி பற்றிக் கேட்பார்கள்: கட்டினோவில் இருக்கிறது, நீங்கள் போகிற மாதங்களில் தூங்கும். யானை இல்லை. யானை வருகிற உன்னிச்சைக் குளக்கட்டில் நடந்து பழகினவனுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று கனடாக்காரருக்கு விளங்க வைக்க முடியாது.

போவதற்கு முன் இங்கே என்ன செய்யலாம் என்றால், முதுகில் ஐந்து கிலோ போட்டுக்கொண்டு உங்கள் ஊர்க் கடற்கரை மணலில் கிழமைக்கு மூன்று நாள் ஒரு மணி நேரம் நடவுங்கள். ஸ்னோஷூவுக்கு வேண்டிய தொடையும் இடுப்பும் அதில் வரும். இந்த மாரியில் வயல் வரம்பால் போக ஆசைப்படாதீர்கள். காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சலைக் கொண்டுவந்துவிடும், விமானச் சீட்டை மாற்ற வேண்டி வரும்.

அம்மாவுக்கு மைனஸ் எண்ணைச் சொல்ல வேண்டாம். எந்தப் பாதை, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று சனிக்கிழமையே எழுதி அனுப்பிவிடுங்கள். குழுத் தலைவரின் இலக்கத்தையும் கொடுங்கள். திரும்பி வந்ததும் கோல் எடுக்கிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். நீங்கள் பின்னேரம் நாலு மணிக்கு வாகனத்தில் ஏறும்போது காரைதீவில் சாமம் இரண்டரை. அந்த நேரம் போன் அடித்தால் ‘என்ன மனே நடந்தது’ என்று பதறித்தான் எழும்புவா. ‘வந்துட்டேன்’ என்று ஒரு சொல் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள், விடியத் தேத்தண்ணி வைக்கும்போது பார்த்துக்கொள்வா.