அவருக்கு மட்டும்தான் உடம்பு சரியில்லையா?

கேள்வி: கணவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. வலது கையும் காலும் இன்னும் வரவில்லை. நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கிறேன். இப்போது எனக்கும் பி.பி. 170, இடுப்பு வலி வேறு. வேலையை விட்டு, பி.எஃப். பணத்தை எடுத்து அவரைப் பார்த்துக்கொள்ளலாமா? நானும் என் பெயரில் உதவி கேட்டால், “ஒரே வீட்டில் ரெண்டு பேரா?” என்கிறார் கொழுந்தனார்.
- ஒரு வாசகி, பேரணாம்பட்டு

பதில்: சகோதரி, வேலையை மட்டும் இப்போது விட்டுவிடாதீர்கள். உங்கள் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கார்டில் கணவருக்கும் வைத்தியம் உண்டு. நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், சில மாதங்களில் அவருடைய சிகிச்சையும் சேர்ந்து நின்றுபோகும். பி.எஃப். பணத்துக்காக வேலையை விட்டுவிட்டு, அது கரைந்ததும் கையைப் பிசைந்து நிற்கும் பெண்கள் உங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர். நோய்ச் செலவுக்கு வேலையில் இருந்தபடியே பி.எஃப். முன்பணம் கேட்கலாம்.

கொழுந்தனார் பேச்சுக்கு வருகிறேன். உதவி என்பது வீட்டுக்கு ஒன்று என்று அளந்து தருகிற ரேஷன் அரிசி அல்ல. ஈ.எஸ்.ஐ.க்கு உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். அது நீங்கள் கட்டிய காசு, கேட்க என்ன கூச்சம்? உங்களுக்கு உடம்பு முடியாமல் டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு முந்தைய ஆறு மாதக் கணக்கில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆனால் கணவரைப் பார்த்துக்கொள்ள எடுக்கும் லீவுக்கு இது கிடையாது. உங்கள் நோய்க்கு, உங்கள் பெயரில் டாக்டர் சீட்டு வேண்டும்.

ஒருவர் படுத்தால் துணையின் உடம்பும் கெடுவது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட முதிய தம்பதிகளைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வில், ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு மற்றவருக்கும் மரண ஆபத்து கூடியது தெரிந்தது. ஆளைத் தூக்கி உட்கார வைப்பது, ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது, அவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டுத் தன்னுடையதை மறப்பது... இடுப்பும் பி.பி.யும் என்ன செய்யும்?

அவருக்கு ஊனச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் கேளுங்கள். 40 சதவீதம் இருந்தால் பல சலுகைகளுக்கு வழி உண்டு. 75 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2023 ஜனவரியில் அதை மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தினார்கள். சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மனு கொடுக்கலாம். அந்த மனுவுக்குக் கொழுந்தனாரையே அனுப்புங்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி அண்ணனுக்குத் துணையாகப் படுக்கவும் சொல்லுங்கள்.

170 சும்மா விடுகிற அளவு இல்லை. நாளைக்கே ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போங்கள், அப்புறம் மற்ற வேலை.