கேளுங்க, சொல்றேன்: "மணிமேகலை எங்க?"

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 5 படிக்கிறான். ஹாரி பாட்டர் நாலாவது புத்தகத்த ஸ்கூல் லீவுல படிச்சு முடிச்சதும் வீட்டுல படத்தப் போட்டோம். பாதியிலயே எழுந்து போய் புத்தகத்த எடுத்துட்டு வந்து "இங்க பாருங்கம்மா, இப்படி இல்லவே இல்ல"ன்னு ஒரே அழுகை. புத்தகத்துல இருக்கற மாதிரியே எடுத்தா என்னதான் குறைஞ்சு போயிடும்?
- ஈசூன் வாசகி

பதில்: எந்த இடத்துல எழுந்து போனான்னு நீங்க எழுதல, ஆனா எனக்கு ஒரு ஊகம் இருக்கு. போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கற நெருப்புக் கோப்பையிலருந்து ஹாரியோட பேரு வந்து விழுதில்ல, "நீயா உன் பேரைப் போட்ட?"ன்னு ஸ்கூல் தலைமையாசிரியர் டம்பிள்டோர் கேக்கறத புத்தகத்துல "அமைதியா"ன்னு ஒரே வார்த்தையில எழுதியிருப்பாங்க. 2005ல வந்த படத்துல அவரு பாய்ஞ்சு வந்து பிள்ளையப் புடிச்சுக் கத்துவாரு. பெரியவங்க நமக்கு இது சின்ன விஷயம். ஆனா உலகமே தலைகீழா போனாலும் இந்தத் தாத்தா பதறமாட்டாருன்னு நாலு புத்தகமா நம்பி வந்த பிள்ளைக்கு அது சின்ன விஷயமா என்ன? உங்க மகன் நல்லா படிக்கிறான்மா, திட்டாதீங்க.

எல்லாத்தையும் அப்படியே எடுக்க முடியாது, அது நெஜம்தான். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் 1000 பக்கத்துக்கு மேல. பீட்டர் ஜாக்சன் 3 படமா எடுத்தும் டாம் பாம்படில்ங்கற ஆளையே தூக்கிட்டாரு. எனக்கு அது சரின்னுதான் படுது, ஏன்னா மாட்டினவங்க மனசையே கெடுக்கற அந்த மோதிரத்த விரல்ல மாட்டியும் எதுவுமே ஆகாத ஒருத்தர ஆரம்பத்துலயே திரையில காட்டிட்டா அப்புறம் அந்த மோதிரத்துக்கு யாரு பயப்படுவாங்க? ஆனா படைத்தலைவன் ஃபராமிர மாத்தினத மட்டும் என்னால ஏத்துக்கவே முடியல. புத்தகத்துல அவன், இந்த மோதிரம் நடுரோட்டுல கிடந்தாக்கூட எடுக்கமாட்டேன்னு சொல்ற ஆளு. படத்துல அதே ஆளு, மோதிரத்த அழிக்கக் கொண்டு போற ஃப்ரோடோவ அந்த மோதிரத்தோட தன் நாட்டுப் பக்கம் இழுத்துட்டுப் போறான், கடைசியிலதான் மனசு மாறுறான். சம்பவத்தக் குறைங்க, இடத்த மாத்துங்க, ரெண்டு பேர ஒருத்தராக்குங்க, அதெல்லாம் பரவால்ல. ஒருத்தன் எதுக்காக ஒண்ணு செய்யறான், எதைச் செய்யவே மாட்டான்ங்கறதுல கை வைக்கக் கூடாது, எனக்கு அது ஒண்ணுதான் அளவு.

மாயாஜாலக் கதை இல்லன்னாலும் நம்ம பொன்னியின் செல்வன இங்க சொல்லியே ஆகணும். என் பெரியம்மா கல்கியில தொடரா வந்தப்ப (1950லருந்து 54 வரைக்கும்) வாராவாரம் பக்கத்த வெட்டி வெச்சு பைண்டு பண்ணவங்க, தோ பாயோ வீட்டுல இன்னமும் இருக்கு, மணியம் வரைஞ்ச குந்தவைதான் அவங்களுக்குக் குந்தவை. 2023ல ரெண்டாம் பாகம் வந்தப்ப கூட்டிட்டுப் போனேன், எங்க ஆபீஸ் சீனத் தோழியும் வந்தாங்க. தோழி சப்டைட்டில்ல "இவரு யாரு, அவரு யாரு"ன்னு தவிச்சுக்கிட்டிருக்காங்க, இந்தப் பக்கம் பெரியம்மா என் கையப் புடிச்சு மெதுவா "மணிமேகலை எங்க?"ன்னு கேட்டாங்க. படம் முடியற வரைக்கும் மூணு தடவ கேட்டாங்க. கந்தமாறன் தங்கச்சி, வந்தியத்தேவன் மேல உசிரையே வெச்சவ, நாவல் முடியறதே அவ சாவுலதான், படத்துல அவளே கிடையாது. அஞ்சு பாகத்த ரெண்டு படத்துல அடைக்கணும், கூடவே என் தோழிக்கும் புரியணும், அந்தக் கஷ்டம் எனக்குப் புரியுது. அருள்மொழி கைக்கு வந்த கிரீடத்த விட்டுக்குடுக்கறத விடாம வெச்சாங்களே, அதுக்கு நன்றிதான் சொல்வேன். ஆனா பெரியம்மா கேட்ட கேள்விக்கு என்கிட்ட இன்னைக்கும் பதில் இல்ல.

கேள்வி: அப்ப புத்தகத்த நெறைய மாத்தியும் நல்லா வந்த படமே இல்லையா?
- தெம்பனிஸ் வாசகர்

பதில்: ஏன் இல்ல? ஹௌல்ஸ் மூவிங் காசில். டயானா வின் ஜோன்ஸ் 1986ல எழுதினது, மியாசாகி 2004ல எடுத்தாரு. புத்தகத்துல ஒரு கதவத் திறந்தா மந்திரவாதி ஹௌலோட சொந்த ஊரான வேல்ஸ் வரும், படத்துல வேல்ஸே கிடையாது, அதுக்குப் பதிலா பெரிய போரக் கொண்டு வந்துட்டாரு. இருந்தும் கதாநாயகி சோஃபி சாபத்தால கெழவியானதுக்கு அப்புறம்தான் வாயத் தொறந்து தைரியமா பேச ஆரம்பிக்கிறா பாருங்க, அது அப்படியே இருக்கு. ஜோன்ஸுக்கும் படம் புடிச்சிருந்துது. நெவர் எண்டிங் ஸ்டோரி கதை வேற. அதை எழுதின மைக்கேல் எண்டே 1984ல வந்த படத்தப் பாத்து மனசு வெறுத்து, கேஸே போட்டாரு, தோத்துட்டாரு. கதையில பாதியோட நின்ன படம் அது. ஆசைப்பட்டது ஒவ்வொண்ணா கெடைக்கக் கெடைக்க கதாநாயகன் பாஸ்டியன்ங்கற பையன் தன்னையே மறந்துட்டுப் போறதெல்லாம் மிச்சப் பாதியிலதான் வருது.

கேள்வி: படமா வேணாம், நீளமான சீரீஸா எடுத்தா பிரச்சினை தீந்துடுமா?
- ஜூரோங் வாசகர்

பதில்: நீளம் மட்டும் போதாதுங்க. ஹாபிட் 300 பக்கம் சொச்சம் புத்தகம், அத 3 படமா, கிட்டத்தட்ட 8 மணி நேரம் இழுத்தாங்க, புத்தகத்துல இல்லாத ஒரு காதலையும் சேத்தாங்க. கதாநாயகன் பில்போ வீட்ட நெனச்சு ஏங்கறதுக்குத்தான் அதுல நேரமில்லாமப் போச்சு.

கேள்வி: பிள்ளைங்களுக்கு முதல்ல படமா, புத்தகமா?
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: புத்தகம். படத்த முதல்ல பாத்துட்டா அந்த நடிகரோட முகம்தான் மனசுல நிக்கும், பிள்ளை தானா ஒரு முகத்த வரைஞ்சுக்கவே முடியாது. படிக்கக் கஷ்டப்பட்டா ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி நீங்க பத்துப் பக்கம் வாசிச்சுக் காட்டுங்க. நூலகத்துல பொன்னியின் செல்வன் தமிழ்லயே கெடைக்கும், முதல் பாகத்த மட்டும் எடுத்துட்டு வாங்க, வீராணம் ஏரிக்கரையில ஆடிப்பெருக்கு அன்னைக்கு வந்தியத்தேவன் குதிரையில வர்றதுலருந்து ஆரம்பிங்க.