தூணில் 140 வளையம் இருந்தால் வீட்டுக்கு எத்தனை வயது?

காரைக்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பங்காளிகள் எல்லோரும் கூடிப் பேசி, பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டை இறக்கிவிடுவது என்று முடிவாகிவிட்டதாம். தூண்களையும் உத்தரங்களையும் பார்க்க வந்த வியாபாரி "இது 300 வருஷத்துப் பர்மா தேக்கு" என்கிறார், வீட்டுப் பெரியவர்கள் "வீடு கட்டியே 110 வருஷம்தான் இருக்கும்" என்கிறார்கள், இவர் ஒரு தூணின் அறுத்த முனையில் வளையங்களை எண்ணிப் பார்த்து 140 வரை வந்திருக்கிறார். "சார், மூன்றில் எது சரி? வளையத்தை வைத்து மரத்தின் காலத்தைச் சொல்ல முடியுமா? அந்தக் காலத்து மழை, பஞ்சமெல்லாம்கூட அதில் தெரியும் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறார்.

மூன்று எண்ணும் மூன்று வேறு விஷயத்தைச் சொல்கின்றன, அதனால் மூன்றுமே சரியாக இருக்கலாம். 140 என்பது அந்த மரம் காட்டில் உயிரோடு நின்ற காலத்தில் ஒரு பகுதி. 110 என்பது வீடு எழும்பி ஆன காலம். இரண்டையும் கூட்டி, செதுக்கி எறிந்த வெளிப்பக்கத்தையும் சேர்த்துக்கொண்டால் அந்தக் கன்று முளைத்து 250 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும், ஆகவே வியாபாரி சொன்னதும் முழுக்கக் கதையில்லை. ஆனால் "300 வருஷமாகத் தூணாக நிற்கிறது" என்ற பொருளில் சொன்னால் அதை நம்பாதீர்கள். வளையத்தை எண்ணினால் மரம் எத்தனை வருஷம் வளர்ந்தது என்பது மட்டும்தான் கிடைக்கும். அது எந்த வருஷத்தில் வளர்ந்து எந்த வருஷத்தில் செத்தது என்பது எண்ணுவதால் ஒருநாளும் கிடைக்காது, அதற்கு வருஷம் தெரிந்த வேறு மரங்களின் வளைய வரிசையோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

பர்மா தேக்கு என்றால் இன்னொரு சங்கதி இருக்கிறது, அது தெரியாமல் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். பச்சைத் தேக்கு தண்ணீரில் சரியாக மிதக்காது. அதனால் அங்கே மரத்தை முதலில் வெட்டமாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதற்கடுத்த வெள்ளைப் பகுதியையும் வைரம், அதாவது உள்ளே இருக்கும் கெட்டிக் கட்டை, தெரியும்வரை கொத்திவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். மரம் நின்றபடியே செத்து 2, 3 வருஷம் காயும். அப்புறம்தான் வெட்டி, யானையை வைத்து ஓடைக்கு இழுத்துவந்து, மழை வெள்ளத்தில் விட்டு, ஐராவதி வழியாக ரங்கூனுக்கோ சால்வீன் வழியாக மௌல்மீனுக்கோ வந்து சேரும். மழை ஏமாற்றிவிட்டால் கட்டைகள் ஓடையிலேயே அடுத்த வருஷம்வரை கிடக்கும். ஆக, மரத்தின் கடைசி வளையம் அதைக் கொத்திவிட்ட வருஷத்தைக் காட்டுமே தவிர வெட்டிய வருஷத்தைக்கூடக் காட்டாது. அதன் பிறகு மரவாடி, கப்பல், நம் ஆசாரியின் கை எல்லாம் இருக்கிறது.

அந்த ஆசாரி செய்த வேலையும் கணக்கில் சேரும். மரத்தின் வெளிப்புற வெள்ளையைப் பூச்சியும் கரையானும் சீக்கிரம் தின்றுவிடும் என்று நல்ல ஆசாரி அதை மிச்சம் வைக்கமாட்டார். தூண் உருண்டையாகக் கடைந்தது என்றால் வெள்ளை முழுக்கப் போய், அதற்குக் கீழே வைரத்திலும் கொஞ்சம் போயிருக்கும். நீங்கள் பார்க்கும் கடைசி வளையத்துக்கு வெளியே இன்னும் எத்தனை இருந்தன என்பது அந்தத் தூணை வைத்துத் தெரியாது. அதனால் செதுக்கிய தூணின் காலத்தைச் சரியாகவே கண்டுபிடித்தாலும் "இந்த வருஷத்துக்கு முன்னால் இந்த மரம் சாகவில்லை" என்று ஒரு எல்லைதான் போட முடியும். அழகான தூணைவிட எனக்கு ஆசை வருவது சுவருக்குள் புதைந்திருந்த உத்தரத்தின் முனையிலும், பரணுக்கு மேலே யார் கண்ணுக்கும் படாமல் கிடக்கும் கரடுமுரடான விட்டத்திலும்தான். அங்கே யாரும் மெனக்கெட்டு இழைத்திருக்கமாட்டார்கள், ஓரத்தில் ஒரு கோடு வெள்ளை மிச்சமிருந்தாலும் அது பெரிய விஷயம்.

சரி, 140 என்று எண்ணினீர்களே, அதைச் சரிபார்ப்பது எப்படி? புது பிளேடால் முனையில் ஒரு விரல் அகலத்துக்கு மெல்லிசாகச் சீவி, ஈரத்துணியால் துடைத்து, நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்தப் 10 மடங்கு லென்ஸால் பாருங்கள். தேக்கில் வருஷத் தொடக்கம் நன்றாகவே தெரியும்: வெளிர்நிறப் பட்டை ஒன்றும் அதில் வரிசையாகக் குண்டூசி குத்தினாற்போலப் பெரிய துளைகளும் இருக்கும், அதற்கப்புறம் துளைகள் சிறுத்து, கட்டை இறுகிக் கருத்துக்கொண்டே போகும், திடீரென்று மறுபடி பெரிய துளை வரிசை வரும். அந்தத் திடீர் எல்லைதான் ஒரு வருஷம். கோடையில் இலையை உதிர்த்துவிட்டு வளர்ச்சியை நிறுத்தி, மழை வந்ததும் பெரிய குழாய்களாக விட்டுத் தண்ணீர் ஏற்றுவதால் வருவது இது. நடுவில் வறட்சி வந்து நின்று மறுபடி வளர்ந்திருந்தால் பொய் வளையம் விழும், அதில் மாற்றம் இரண்டு பக்கமும் படிப்படியாக இருக்கும், பளிச்சென்ற எல்லை இருக்காது. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு மழை பெறும் இடத்தில் வளர்ந்த மரத்தில் இந்தத் தொல்லைக்கு வாய்ப்பு அதிகம். தேக்கின் அடிமரம் வேறு மேடும் பள்ளமுமாக இருக்கும், ஒரு பக்கம் இருக்கும் வளையம் இன்னொரு பக்கம் போய்ச் சேராமல் நடுவிலேயே மறைந்துவிடும். ஒரே கோட்டில் எண்ணிவிட்டு நம்பாதீர்கள், நடுவிலிருந்து இரண்டு மூன்று திசையில் எண்ணுங்கள், எண்ணிக்கை ஒத்துவராத இடத்தில் வளையத்தைப் பிடித்துக்கொண்டே சுற்றி வாருங்கள்.

உங்கள் வீட்டில் பனஞ்சட்டம் இருந்தால் இதில் அதற்கு வேலையில்லை, பனைக்கும் தென்னைக்கும் வருஷ வளையமே கிடையாது. கருங்காலியிலும் வளைய எல்லை தெளிவாக இருக்காது. வேம்பு, மா எல்லாம் நம்பி இறங்கும்படி இல்லை. தேக்கு கிடைத்தது அதிர்ஷ்டம்தான், வெப்பநாட்டு மரங்களில் இப்படி ஒழுங்காக வருஷக்கணக்கு வைக்கும் மரங்கள் குறைவு.

இனி பொருத்துவது. ஒரு பகுதியில் மழை பொய்த்த வருஷத்தில் அங்குள்ள பெரும்பாலான மரங்களில் வளையம் ஒல்லியாகும், நல்ல வருஷத்தில் அகலமாகும். இந்த ஒல்லி, அகல வரிசை அப்படியே திரும்பி வருவதில்லை. இன்று உயிரோடு நிற்கும் கிழமரத்தில் தொடங்கினால் கடைசி வளையத்தின் வருஷம் நமக்குத் தெரியும், அங்கிருந்து பின்னோக்கிப் போகலாம். அதன் இளமைக்கால வரிசை ஒரு பழைய கட்டடத்து மரத்தின் முதுமைக்கால வரிசையோடு பொருந்தினால் அந்த மரத்துக்கும் வருஷம் கிடைத்துவிடும், அதை வைத்து இன்னும் பழையதற்குப் போகலாம். வானியலாளரான ஏ. இ. டக்ளஸ், சூரியப் புள்ளிகளின் சுழற்சி மரங்களில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கப் போய், அமெரிக்காவின் அரிசோனாவில் இந்த முறையை உண்டாக்கினார். அவர் கையில் இப்படி மரத்துக்கு மரம் கோத்த வளைய வரிசையாக இரண்டு சங்கிலி இருந்தது. ஒன்று நிகழ்காலத்திலிருந்து பின்னே போனது. இன்னொன்று பழங்குடிகளின் இடிந்த குடியிருப்பு மரங்களைத் தங்களுக்குள் பொருத்திச் செய்தது, ஆனால் எந்த வருஷம் என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. 1929 ஜூனில் ஷோ லோ என்ற ஊரில் தோண்டியெடுத்த கரிந்துபோன ஒரு உத்தரத் துண்டு இரண்டையும் இணைத்தது, ஹெச்.ஹெச்.39 என்று அதற்கு எண் கொடுத்திருந்தார்கள். அதோடு பியூப்லோ பொனிட்டோ போன்ற பெரிய இடிபாடுகளுக்கெல்லாம் வருஷக்கணக்கு கிடைத்துவிட்டது. உடைந்ததையும் கரிந்ததையும் அடுப்புக்குப் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதனால்தான்.

தேக்குக்கு அப்படிச் சங்கிலி இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஜாவாத் தேக்கை வைத்துச் சுமார் 400 வருஷத் தொடரை பெர்லாகே என்ற ஆய்வாளர் 1931லேயே வெளியிட்டார். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் கேரளத் தேக்குகளில் 1481 முதல் 2003 வரை 523 வருஷத் தொடர் செய்து 2010இல் வெளியிட்டார்கள், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ வந்து பருவமழை குறைந்த வருஷங்கள் அதில் ஒல்லி வளையங்களாக விழுந்திருக்கின்றன. மியன்மார்த் தேக்கிலும் மூன்று நூற்றாண்டுத் தொடர் 2011இல் வந்தது. உங்கள் தூண் இவற்றில் ஏதாவது ஒன்றோடு பொருந்தினால் வருஷம் மட்டுமல்ல, மரம் எந்தப் பக்கத்துக் காடு என்பதும் தெரியவரும். பர்மா தேக்கும் நிலம்பூர் தேக்கும் ஆனைமலைத் தேக்கும் ஒரே இனம், லென்ஸை வைத்துப் பிரிக்க முடியாது. "வளையம் நெருக்கமாக இருந்தால் பர்மா, அகலமாக இருந்தால் நாட்டுத் தேக்கு" என்று மரக்கடையில் சொல்வது ஆதாரமில்லாத பேச்சு. இயற்கைக் காட்டில் நெருக்கியடித்து வளர்ந்த எந்தத் தேக்கிலும் வளையம் நெருக்கமாகத்தான் இருக்கும், 1840களில் மலபார் கலெக்டர் கானலி நிலம்பூரில் போட்டது போன்ற நட்ட தோட்டத்தில் வேகமாக வளர்வதால் அகலமாக இருக்கும்.

ஆனால் எல்லாத் தூணும் பொருந்திவிடாது. பர்மா பெரிய நாடு, தொடர் செய்த இடத்துக்கும் உங்கள் மரம் வளர்ந்த இடத்துக்கும் மழை வேறு வேறாக இருந்திருக்கலாம். 30, 40 வளையம் உள்ள துண்டு எங்கே வைத்தாலும் ஓரளவு பொருந்துவதுபோலத் தோன்றும், அதை யாராவது வருஷம் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். குறைந்தது 80, 100 வளையமாவது வேண்டும், ஒரே வீட்டிலிருந்து ஐந்தாறு மரங்கள் இருந்தால் அவற்றை முதலில் தங்களுக்குள் பொருத்திக்கொண்டு பிறகு பெரிய தொடரோடு பார்க்கலாம். உங்களிடம் 140 இருக்கிறது, முயன்று பார்க்கத் தகுதியானது என்றே சொல்வேன்.

மழை, பஞ்சம் பற்றிக் கேட்டீர்கள். ஒற்றைத் தூணை வைத்துக்கொண்டு "இதோ தாது வருஷப் பஞ்சம்" என்று ஒரு ஒல்லி வளையத்தைக் காட்டக் கூடாது. அந்த வருஷம் இலைதின்னிப் புழு வந்து மரத்தை மொட்டையடித்திருக்கலாம், பக்கத்து மரம் நிழல்கட்டியிருக்கலாம், காட்டுத்தீ பட்டிருக்கலாம். நிறைய மரங்களைச் சேர்த்து, இளமரத்தில் வளையம் இயல்பாகவே அகலமாக இருப்பதைக் கழித்து, சராசரி எடுத்தால்தான் தனி மரத்தின் கஷ்டம் போய் ஊர்க் கஷ்டம் மிஞ்சும். மரவளைய ஆய்வாளர் எட்வர்ட் குக்கும் கூட்டாளிகளும் 2010இல் ஆசியா முழுவதிலுமிருந்து 300க்கும் மேற்பட்ட தொடர்களைச் சேர்த்துச் செய்த பருவமழை வறட்சி வரைபடத்தில், 1876–78 வறட்சி தெளிவாகத் தெரிகிறது. நம் பாட்டிகள் வாயில் தாது வருஷப் பஞ்சமாக நின்றது அதுதான். 1756 முதல் 1768 வரை நீண்ட வறட்சியும் அதில் இருக்கிறது. இந்தியா முழுமைக்குமான மழைக்கணக்குத் தொடர் 1871இலிருந்துதான் தொடங்குகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

இதில் காரைக்குடிக்காரர் ஏமாற வேண்டாத ஒரு இடம் உண்டு: உங்கள் தூண் பர்மாத் தேக்குதான் என்றால் அது சொல்வது பர்மாவின் மழையை, செட்டிநாட்டின் மழையை அல்ல. போதாக்குறைக்கு அந்தக் காடுகள் வளர்வது தென்மேற்குப் பருவத்தில், நம் கண்மாய்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை.

கார்பன் சோதனை செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். இந்தக் காலத்து மரத்துக்கு அது தனியாக உதவாது. ஏறத்தாழ 1650க்குப் பிறகான மூன்று நூற்றாண்டில் காற்றிலிருந்த கதிரியக்கக் கார்பன் அளவு ஏறியும் இறங்கியும் இருந்ததால், ஒரு துண்டைக் கொடுத்தால் "17ஆம் நூற்றாண்டின் கடைசியாக இருக்கலாம், 18இன் நடுவாக இருக்கலாம், 19ஆகவும் இருக்கலாம்" என்கிற மாதிரிதான் விடை வரும். அதே தூணில் 10ஆவது, 60ஆவது, 120ஆவது வளையம் என்று இடைவெளி தெரிந்த பல துண்டுகளைக் கொடுத்தால் மட்டும் விடை நன்றாக இறுகும். செலவு ஜாஸ்தி. 1950களுக்குப் பிறகு வளர்ந்த மரத்தைப் பழசு என்று விற்கிறார்களா என்று பிடிக்க ஒரே சோதனை போதும், அணுகுண்டு சோதனைகளால் ஏறிய கார்பன் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது. இறக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு மரத்துக்கும் சாக்பீஸால் எண் போட்டு, எந்தக் கட்டில், எந்த இடத்தில் இருந்தது என்று போட்டோவோடு எழுதி வையுங்கள். வியாபாரி முனைகளை அறுத்துச் சமப்படுத்துவார், அந்த அறுத்த துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், 3 செ.மீ. கனம் இருந்தால் போதும். மையமும் வெளி ஓரமும் இரண்டும் உள்ளதாக, முடிந்தால் வெள்ளை ஒட்டியதாக இருக்கட்டும். எண்ணெயோ பாலிஷோ போடாமல், செய்தித்தாளில் சுற்றி நிழலில் வையுங்கள். மரம் தேக்குதானா என்று சந்தேகம் இருந்தால் பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் கேட்கலாம். வளையம் பொருத்துவதற்குப் புனே நிறுவனத்துக்கோ லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்துக்கோ போட்டோவோடு எழுதிக் கேளுங்கள். அவர்கள் ஆராய்ச்சி செய்பவர்கள், கட்டணம் வாங்கிச் சான்றிதழ் கொடுக்கும் கடை அல்ல, அதனால் ஒற்றைத் தூணைவிட எண் போட்ட பத்துத் துண்டுகள் இருக்கிற வீடு என்றால் அவர்களுக்கும் ஆர்வம் வரும்.

வீட்டின் வயது மட்டும்தான் வேண்டும் என்றால் ஆய்வகம் தேவையே இல்லை. நிலைக்கு மேலே, உத்தரத்தில், சுவரில் வருஷம் பொறித்திருக்கிறதா பாருங்கள், தமிழ் வருஷப் பெயரும் தமிழ் எண்ணுமாக இருக்கலாம். பெட்டகத்தில் வீடு கட்டிய கணக்கு நோட்டு, மரம் வாங்கிய ரசீது ஏதாவது இருக்கிறதா என்று ஆச்சிமார்களைக் கேளுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் தூக்கிப் போடாமல் மரத்துண்டுகளோடு சேர்த்து வையுங்கள், வளையத்தில் கிடைக்கும் வருஷத்தோடு அதை ஒப்பிட்டால் ரங்கூனிலிருந்து உங்கள் வளவுக்கு அந்த மரம் வந்துசேர எத்தனை காலம் ஆனது என்பதையே சொல்லிவிடலாம்.